மூடி போட்ட டம்ளர்

வடபழனியில் சினிமா எடிட்டராக இருக்கும் பிலோமினாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்க வந்த கோதண்டத்துக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருடம் டிவி சீரியலில் மாமியார்களை முறைக்க வைத்த மனிதர், இப்போதுதான் முதல் த்ரில்லர் படம் எடுத்திருந்தார். நாலு மணிக்குத் தயாரிப்பாளர் ஆரம்பக் காட்சியைப் பார்க்க வருகிறார். பிடிக்காவிட்டால் வேறு இயக்குநர் என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார்.

பிலோமினா காட்சியை ஓடவிட்டார்.

கதாநாயகி கதவைத் திறந்தாள். இடி. அவள் முகம் மூன்று முறை. இடி. பூனையின் முகம் மூன்று முறை. கட்டிலுக்கடியிலிருந்து கொலைகாரன் பாய, ஊர்ப்பட்ட மேளம் ஒன்றாக முழங்கியது.

பிலோமினா கொட்டாவி விட்டார்.

"பயமா இல்லையா மேடம்?"

"காது வலிக்குது சார்."

கோதண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "பயத்தை எப்படித்தான் வரவழைக்கிறது? இன்னும் நாலு இடி சேர்க்கட்டுமா?"

பிலோமினா எழுந்து போய், மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"டீ. கொதிக்குது, ஆறட்டும்."

மேசையின் ஓரத்தில் வைத்தார். அதற்கு நேர் கீழே, முக்காலியில், கோதண்டத்தின் ஹார்ட் டிஸ்க். எட்டு மாதப் படப்பிடிப்பும் அதற்குள்தான். நகல் கிடையாது. அஷ்டமி போகட்டும், நவமி போகட்டும் என்று நகல் எடுக்க நல்ல நேரம் பார்த்தே மனிதர் நாளைக் கடத்தியிருந்தார்.

"போன வாரம் எங்க மைனி வீட்ல பால் காய்ப்பு சார்" என்று பிலோமினா நிதானமாக ஆரம்பித்தார். முழங்கை டம்ளரில் இடித்தது. அது ஒரு விரற்கடை நகர்ந்தது.

"மேடம், டம்ளர்..."

"இருங்க, சொல்லி முடிச்சிடறேன். பந்தியில பஜ்ஜி போட்டாங்க."

இன்னொரு விரற்கடை. பாதி டம்ளர் இப்போது அந்தரத்தில். கோதண்டம் நாற்காலி நுனிக்கு வந்தார். பாவம், எச்சில் விழுங்கவும் பயந்தார்.

"இவ்வளவு பெரிய பஜ்ஜி!" என்று பிலோமினா கையை விரித்தார்.

டம்ளர் சாய்ந்தது. கோதண்டம் "ஐயோ!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது டம்ளர் பிலோமினாவின் கையில் இருந்தது, மூடியோடு.

"எத்தனை இடி இடிச்சுது சார்?"

கோதண்டம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பிலோமினா டம்ளரோடு வாசலை நோக்கி நடந்தார்.

"மேடம், போயிடாதீங்க! அதுல நிஜமாவே டீ இருந்துச்சா?"

"நாலு மணிக்கு உங்க தயாரிப்பாளரும் இப்படித்தான் கேக்கணும் சார்."