இலையில்லாத எண்ணெய்

"மேடம், இது போதுமா?"

மாசிலாமணி கேட்டது இவ்வளவுதான். கேட்கும்போதே குப்பியை மேசைமேல் வைத்துவிட்டார்.

சின்னக் கண்ணாடிக் குப்பி. அடியில் ஒரு சொட்டு எண்ணெய். அந்த ஒரு சொட்டுக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

மேடம் என்றால் பேராசிரியர் எப்சிபா. வயசு நாற்பத்திரண்டு. மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. ஒரு காலத்தில் எப்சிபாவுக்குக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். இப்போது பல்கலைக்கழகத்தில் அவரிடமே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார்.

ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. "என்ன சார், பிள்ளைகிட்டயே பாடம் கேக்கப் போறீங்களாமே?" என்று பஸ்ஸில் வைத்தே கேட்டார்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். படிக்கிறதுக்கு என்ன வெட்கம்?

இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. அதற்குள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று வந்துவிட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்த மனுஷன் தனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான்.

ஆய்வு வெட்டுக்காயப் பூண்டைப் பற்றியது. வாய்க்கால் கரையில் மிதிபட்டுக் கிடக்கிற செடி. கையில் அரிவாள் பட்டால் யோசிக்காமல் பறித்துக் கசக்கிப் பிழிவார்களே, அதுதான். அந்த இலையில் இருக்கும் எந்தப் பொருள் புண்ணை ஆற்றுகிறது என்று தேடினார். இலையைக் காயவைத்து, அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, அதைப் பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் இந்த எண்ணெய் வந்தது. கிருமி வளர்க்கிற தட்டில் இதை ஒரு பொட்டு வைத்தால், சுற்றிலும் கிருமி அண்டாத வட்டம் விழுந்தது.

கட்டுரையும் வெளிவந்துவிட்டது. அதில் எப்சிபா பெயரும் உண்டு. பல்கலைக்கழக வாசலில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'புண்ணாற்றும் அருமருந்து கண்ட எங்கள் ஐயா' என்று. நல்லவேளை, படத்தில் அவர் கையில் வாள் கொடுக்கவில்லை.

முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். வாங்க வேண்டிய நீட்டிப்பெல்லாம் வாங்கி முடிந்தது. தேதி தாண்டினால் பதிவே ரத்து.

எப்சிபா குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கருவி வரைந்து கொடுத்த கோட்டுப்படத்தைப் பார்த்தார். அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து லேபுக்குள் போனார். மாசிலாமணியும் பின்னாலேயே போனார்.

மூலையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. அதிலிருந்து மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்று தொங்கியது. எப்சிபா அந்தக் குழாயை விரலால் வளைத்துப் பார்த்தார்.

"கரைப்பான் இதுலயா சார் இருக்கு?"

"ஆமா மேடம். கண்ணாடி பாட்டில் ரெண்டு தடவை உடைஞ்சிட்டு. அதான் கேனுக்கு மாத்திட்டேன். திறந்தா வருது, சௌகரியம்."

"எப்ப மாத்துனீங்க?"

"முதல் வருஷமே."

எப்சிபா குழாயை விட்டார்.

"இன்னொரு தடவை செய்யுங்க சார்."

"மூணு தடவை செஞ்சாச்சு மேடம்."

"இலை போடாம செய்யுங்க."

மாசிலாமணி சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தார்.

"இலை போடாமலா?"

"ஆமா. அதே கேன், அதே குழாய், அதே அளவு, அதே நாள் கணக்கு. இலை மட்டும் வேண்டாம்."

"இலை இல்லாம என்ன மேடம் வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

மாசிலாமணிக்கு முகம் தொங்கிவிட்டது. கோபம் வேறு. ஆனால் கோபப்பட அவருக்கு வாயில்லை. எதை அளந்தாலும் முதலில் அந்தப் பொருள் இல்லாமல் வெறுமனே ஒரு தடவை அளந்து பார் என்று இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளை விரட்டியவர் அவர்தான். அளக்காமல் வந்தவனை லேபுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். ஊருக்கெல்லாம் சொன்னார், தனக்கு மட்டும் செய்யவில்லை. வருஷக்கணக்கில் ஓடுகிற வேலையில் அதற்கெல்லாம் எங்கே நேரம் என்று விட்டுவிட்டார்.

சரி என்று ஆரம்பித்தார்.

லேப் உதவியாளர் பேச்சிமுத்து வழக்கம்போல அரைக்கிற மிஷினைத் துடைத்துவைத்துக்கொண்டு நின்றார். ஐந்து வருஷமாக இலை அரைத்துக் கொடுத்தது அவர்தான்.

"இலை எங்க சார்?"

"இன்னைக்கு இலை வேண்டாம் பேச்சிமுத்து."

"இலை இல்லாம என்ன மருந்து சார்?"

"சும்மா ஒரு சோதனை."

பேச்சிமுத்து போகவில்லை. மிஷினையே இன்னொரு தடவை துடைத்தார்.

"மருந்து எப்ப சார் வெளிய வரும்?"

"வரும், வரும்."

மாசிலாமணியின் கண் குழாயில் இருந்தது. யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

முறை பிடிபட்ட பிறகு ஒரு தடவை வடிக்க நாலு நாள்தான். நாலாம் நாள் வந்தது. ஒரு சொட்டு எண்ணெய்.

கருவியில் கொடுத்தார். அது கோடு வரைந்து கொடுத்தது. பழைய கோட்டுப்படத்தின்மேல் புதியதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேடு மேட்டில் உட்கார்ந்தது, பள்ளம் பள்ளத்தில் உட்கார்ந்தது. இரண்டும் ஒன்றே.

பிளாஸ்டிக் குழாய் விறைக்காமல் வளைய வேண்டும் என்று அதில் ஓர் எண்ணெயைச் சேர்ப்பார்கள். கரைப்பான் பட்டால் அது கசியும். ஐந்து வருஷமாக அவர் வடித்து வடித்து எடுத்தது அந்த எண்ணெயைத்தான். செடி பாவம், அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாசிலாமணி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தாறு வயசு மனுஷன் லேபில் உட்கார்ந்து அழுதார். அதைச் சொல்ல எனக்கென்ன தயக்கம்? யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு குப்பிகளையும் எப்சிபாவிடம் கொண்டுபோனார். ஒன்றில் 'இலையுடன்' என்று ஒட்டியிருந்தது. மற்றதில் 'இலையில்லாமல்'.

எப்சிபா இரண்டு சீட்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். குப்பிகளை உள்ளங்கையில் போட்டு உருட்டினார். அப்புறம் மேசைமேல் வைத்தார்.

"இதுல எது சார் உங்க செடி?"

மாசிலாமணி பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"தெரியல மேடம்."

"அதை எழுதுங்க."

"எழுதினா ஆய்வேடு எங்க மேடம் இருக்கு? அஞ்சு வருஷம் மேடம்! இனி எனக்கு அஞ்சு வருஷம் எவன் தருவான்?"

எப்சிபா இரண்டு குப்பிகளையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"கட்டுரையில உங்க பேரும் இருக்கே. உங்களுக்கும்தான அசிங்கம்?"

"அசிங்கந்தான். கையெழுத்துப் போடும்போது நானும் கேக்காம போட்டேன். என் பங்குக்கு நான் பத்திரிகைக்கு எழுதிடுதேன். உங்க தாளை நீங்கதான் எழுதணும்."

"நீங்க சொல்லச் சொல்ல எழுதுதேன் மேடம்."

"நான் சொல்ல மாட்டேன்."

"எத்தனை நாள் பொறுப்பீங்க?"

"நீங்க எழுதிக் கொண்டுவார வரைக்கும்."

அன்றிலிருந்து மாசிலாமணி லேபுக்கு வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வந்து கேன்டீனில் உட்கார்ந்தார். டீ ஆறும். இன்னொரு டீ சொல்வார். அதுவும் ஆறும்.

அவரோடு பஸ்ஸில் வருகிற இருதயராஜ் அரசியல் மேடைப் பேச்சுகளை ஆராய்கிறவர். எந்தக் கட்சிக்காரர் எதை எப்படிச் சொல்லித் தப்பித்தார் என்பதில் அவர் புலி. ஏழாம் நாள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா அண்ணாச்சி தாடி வளக்கீங்க? பொய் சொல்லாமலே தப்பிக்கலாமே."

"எப்படி?"

"எண்ணெய் கிடைச்சதா?"

"கிடைச்சது."

"கிருமியைத் தடுத்ததா?"

"தடுத்தது."

"இலையை வெச்சு வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான கிடைச்சது?"

"ஆமா."

"அதை மட்டும் சொல்லுங்க. எங்கயிருந்து வந்ததுன்னு யாரு உங்களைக் கேட்டா? எங்க ஆளுங்க அம்பது வருஷமா இப்படித்தான் பேசுறாங்க. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ண முடியல."

நாப்கின் தாளில் அவரே எழுதிக் கொடுத்தார். மாசிலாமணி அன்று ராத்திரி பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் நல்ல தாளில் அதைத் தட்டச்சு செய்து, ஆய்வேட்டின் கட்டோடு எப்சிபா முன்னால் வைத்தார்.

எப்சிபா படித்தார்.

'வெட்டுக்காயப் பூண்டின் இலைகளிலிருந்து மருந்துப்பொருளைப் பிரித்தெடுக்கும் பணியின்போது, கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் கொண்ட எண்ணெய்ப்பொருள் ஒன்று கண்டறியப்பட்டது.'

"இதுல பொய் இருக்கா மேடம்?"

"இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடுவீங்களா?"

எப்சிபா இன்னொரு தடவை படித்தார். பேனாவை எடுக்கவும் இல்லை, தாளைத் திருப்பித் தரவும் இல்லை. மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு பேச்சிமுத்து உள்ளே வந்தார். கையில் ஒரு காலித் தைலக்குப்பி. கழுவிக் காயவைத்துப் பளபளவென்று இருந்தது.

"சார் வந்திருக்காங்கன்னு சொன்னாங்க. எட்டு நாளா லேப்ல தேடிக்கிட்டே இருக்கேன்."

"என்ன பேச்சிமுத்து?"

"உங்க மருந்துல ஒரு சொட்டு வேணும் சார். ஒரே ஒரு சொட்டு. வீட்டுல அவளுக்குக் கால்ல புண்ணு. சர்க்கரை வேற இருக்குல்லா, ஆற மாட்டேங்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா காலை வெட்டிருவாங்கன்னு பயந்து சாவுதா. நான்தான் சொன்னேன், நம்ம சாரு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு. மூணு வாரமா பொறுத்துக்கிட்டு இருக்கா."

மாசிலாமணி அந்தக் காலிக் குப்பியைப் பார்த்தார். எப்சிபாவைப் பார்த்தார்.

எப்சிபா பேச்சிமுத்துவிடம் சொன்னார்:

"சாரைக் கேளுங்க."

பேச்சிமுத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாசிலாமணி மேசையிலிருந்த தாளைக் கையில் எடுத்தார். அதையே வாசித்துக் காட்டினார். இலைகளிலிருந்து, பணியின்போது, ஆற்றல் கொண்ட, கண்டறியப்பட்டது. முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்தார்.

பேச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இருக்குல்லா சார்!"

குப்பியின் மூடியைத் திறந்து நீட்டினார்.

குப்பி மாசிலாமணியின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே லேசாகத் தைல வாசனை மிச்சமிருந்தது.

"அது மருந்து இல்ல பேச்சிமுத்து."

"என்ன சார், இப்பதான வாசிச்சீங்க?"

"வாசிச்சேன். அது செடியில இருந்து வரல. நம்ம கேன் இருக்குல்லா, அதோட குழாயில இருந்து கசிஞ்சது. பிளாஸ்டிக்ல சேக்குற எண்ணெய். அதைப் புண்ணுல போடவே கூடாது. நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. அவங்களை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லி முடித்ததும் கையிலிருந்த தாளை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

பேச்சிமுத்து குப்பியை மூடினார். மரை சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை திருகி மூடினார்.

"இது எப்ப சார் தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"எட்டு நாளாச்சு பேச்சிமுத்து."

எப்சிபா கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பேச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார்.

"எட்டு நாளைக்கு முன்னால சுண்டுவிரல் மட்டுந்தான் சார் கறுத்திருந்துச்சு."