மங்கையர்க்கரசியின் அரைகுறை வணக்கம்

அநியாயம் நடந்தது மங்கையர்க்கரசிக்கு. செய்தவர்கள் அகரமேடு சர்க்கரை நோயாளிகள் நல்வாழ்வுச் சங்கத்தார். குற்றம்: வணக்கம் வைத்தபோது அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே காற்று போனது. தண்டனை: சங்கத்திலிருந்து நீக்கம், கூடவே மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்ப்பதற்கான டோக்கனும் ரத்து.

கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார்கள்.

மங்கையர்க்கரசி கடைத்தெருவில் ரவிக்கை தைப்பவர். சர்க்கரை வந்து பதினோரு வருடம். ஒரு வருடமாக வலது தோள் இறுகி, கை காதுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது. விரல்கள் காலையில் மடங்கினால் நீளாது, நீண்டால் மடங்காது. இரண்டு கையாலும் கத்தரிக்கோலைப் பிடித்துத்தான் துணி வெட்டிக்கொண்டிருந்தார். ஆவணி பிறந்தால் கல்யாண ரவிக்கைகள் மலையாகக் குவியும். அதற்குள் கை சரியாக வேண்டும், அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், அதற்கு டோக்கன் வேண்டும். டோக்கன் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்.

சங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தலைவர் தணிகாசலம், பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் பரமானந்தம், எதையும் தீர்மானமாக எழுதினால்தான் அவருக்கு மூச்சு வரும். துணைத் தலைவர் இருதயராஜ், சைக்கிள் கடைக்காரர். மூவருக்கும் சர்க்கரை உண்டு. மூவரும் டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடிப்பவர்கள். சிக்கலே அதுதான்.

மாதத்தில் முதல் ஞாயிறு ஜில்லாத் தலைநகரத்திலிருந்து டாக்டர் மெஹருன்னிசா வருவார். முதல் மாதம் வந்தவர், இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருட ஆண்டு விழாவில் எழுபது ஜாங்கிரி பரிமாறப்பட்டது. எல்லாரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். இருதயராஜ் மட்டும் துண்டு நழுவி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

இரண்டாம் மாதம் டாக்டர் பாதங்களைப் பற்றிப் பேசினார். முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதுபோலப் பாதத்தையும் தினம் கவனியுங்கள், சின்னப் புண் என்றாலும் விடாதீர்கள் என்றார். அருமையான யோசனை. மறுநாள் காலையில் தலைவர் தன் இரண்டு பாதங்களுக்கும் பவுடர் பூசி, திருநீறு இட்டு, சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு, மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம்.

தோள் பிடித்துக்கொண்டவர்களுக்கு டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். சுவரில் விரல்களால் நடந்தபடி கையை மேலே கொண்டுபோக வேண்டும், எட்டிய இடத்தில் கோடு போட வேண்டும், தினம் கோடு கொஞ்சம் உயர வேண்டும். மங்கையர்க்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதத்தில் இரண்டு அங்குலம் ஏறினார். சங்க நிர்வாகிகள் ஒரே வாரத்தில் கூரையைத் தொட்டார்கள். முதலில் பெஞ்சு மேல் நின்றார்கள், பிறகு மேசை, பிறகு மேசை மேல் பெஞ்சு. கூரை வந்ததும் கோடு போட இடம் இல்லை. நோயாளிகள் நலன் கருதிக் கூரையை ஒன்றரை அடி உயர்த்தித் தரும்படி கட்டிடச் சொந்தக்காரருக்குத் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். அவர் இன்னும் பதில் போடவில்லை. அந்த ஊரில் புத்தியுள்ள ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது.

மூன்றாம் மாதம்தான் விபரீதம். நாள்பட்ட சர்க்கரை விரல் மூட்டுகளையும் இறுக்கும் என்று விளக்கிய டாக்டர், அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொன்னார். கும்பிடுவதுபோல இரண்டு கையையும் அழுத்திச் சேர்த்துப் பாருங்கள். நடுவே இடைவெளி தெரிந்தால் அவர் பெயரைப் பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அவரைத்தான் முதலில் பார்ப்பேன்.

டாக்டரின் ஜீப் கிளம்பியதும் நிர்வாகக் குழு கூடியது.

"பலகையில பேர் எழுதுறதுன்னா என்ன அர்த்தம்?" என்றார் தலைவர்.

"பள்ளிக்கூடத்துல எழுதுவாங்களே, வாத்தியார் இல்லாதப்போ பேசினவன் பேரை" என்றார் இருதயராஜ்.

"எழுதி?"

"வாத்தியார் வந்ததும் அவனைத்தான் முதல்ல பார்ப்பார்."

பரமானந்தம் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நாலாம் வகுப்புல வாங்கின அடி எனக்கு இன்னும் வலிக்குது" என்றார் பரமானந்தம். "அது முழங்கால்ல. இப்ப மூட்டு வலின்னு சொல்றமே, அதுவா இருக்குமோ?"

ஆகவே குற்றவாளியைக் கண்டுபிடிப்பது என்று முடிவாயிற்று. பெண்களுக்கு முன்னுரிமை தருவதில் அகரமேட்டு ஆண்களை மிஞ்ச முடியாது. எனவே முதலில் மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டு வணக்கம் வைக்கச் சொன்னார்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே ஸ்கேல் தாராளமாகப் போய் வந்தது. பெயரை எழுதினார்கள். ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டபடியால் மற்றவர்களைச் சோதிக்கத் தேவை இல்லை என்று ஆண்கள் ஒருமனதாக உணர்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

டீக்கடையில் தலைவருக்கு ஒரு பயம் வந்தது. பலகையில் ஒரு பெயர் இருந்தாலும் சங்கத்துக்கே அவமானம் அல்லவா? பெயரை அழித்தால் பொய். ஆளையே நீக்கிவிட்டால் பெயரும் தானாகப் போய்விடும். நீக்கினார்கள்.

மங்கையர்க்கரசி அழவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு, கையில் ஒரு மனுவோடு சங்கத்துக்கு வந்தார்.

"தலைவரே, கை ஒட்டலைங்கிறதுக்குத்தானே டாக்டரைப் பார்க்கணும்ங்கிறேன்?"

"பாருங்கம்மா. யார் வேண்டாம்னா? கையை ஒட்டிக் காட்டிட்டுப் போய்ப் பாருங்க."

"ஒட்டிட்டா நான் எதுக்கு அவங்களைப் பார்க்கணும்?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நோட்டைப் பார்த்தார். நோட்டில் ஒன்றும் இல்லை.

"மனசுல மரியாதை இருந்தா விரல் தன்னால ஒட்டும்மா" என்றார் இருதயராஜ் ஆறுதலாக.

"அப்படியாண்ணே? உங்க மரியாதையைக் கொஞ்சம் காட்டுங்க, பார்க்கலாம்."

இருதயராஜ் கம்பீரமாகக் கை கூப்பினார். பரமானந்தம் கடமை தவறாதவர், ஸ்கேலை நுழைத்தார். போனது. தன் கைகளையும் கூப்பி, இருதயராஜை நுழைக்கச் சொன்னார். போனது. தலைவருக்குப் பதினெட்டு வருடச் சர்க்கரை. அவர் கூப்பிய கைகளுக்கு நடுவே ஸ்கேல் போனது, பேனா போனது, கடைசியில் மேசை மேலிருந்த எலுமிச்சம்பழம் முட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

"பதினெட்டு வருஷமா கோயில்ல இப்படியா கும்பிட்டிருக்கேன்?" என்றார் தலைவர்.

நீதி என்றால் நீதி. தலைவர் தன்னையே நீக்கிக் கையெழுத்துப் போட்டார். செயலாளர், துணைத் தலைவர், மீதி உறுப்பினர்கள் முப்பத்தாறு பேர் என்று வரிசையாக எல்லாரும் நீக்கப்பட்டார்கள். கை ஒட்டிய ஒரே ஆள் வாட்ச்மேன் செல்லையா. அவரையே தலைவராக்கினார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லையே என்று ஒரு ஆட்சேபம் எழுந்தது. டீயில் நாலு ஸ்பூன் போட்டுக் குடிப்பவரைச் சர்க்கரைக்குச் சம்பந்தம் இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு ஆட்சேபத்தைத் தள்ளினார்கள்.

முதல் ஞாயிறு வந்தது. டாக்டர் மெஹருன்னிசா பின்வாசல் வழியாக உள்ளே வரும்போது நாற்பது நாற்காலிகள் காலி. நடுவில் செல்லையா மட்டும் நாற்பது டோக்கன்களோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது நோயாளிகளும் கேட்டுக்கு வெளியே வெயிலில். உறுப்பினர் அல்லாதவர்களை உள்ளே விடக்கூடாது என்று கேட்டைப் பூட்டியிருந்தார்கள். பூட்டியதும் அவர்களேதான். சாவியை உள்ளே எறிந்துவிட்டார்கள், சலுகை காட்டிவிடக் கூடாதே என்று.

செல்லையா முதல் டோக்கனை நீட்டினார். உடம்புக்கு என்ன என்று கேட்டார் டாக்டர். ஒன்றும் இல்லை என்றார் செல்லையா. அடுத்த டோக்கனை நீட்டினார். ஏழாவது டோக்கனில்தான் நடந்தது என்ன என்று டாக்டருக்குப் புரிந்தது. அதற்குள் அடுத்த ஊர் முகாமுக்கு நேரமாகிவிட்டது. போகிற வழியில் கேட்டுக் கம்பி வழியாக மங்கையர்க்கரசியின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள், அடுத்த ஞாயிறு உங்களுக்காகவே வருகிறேன் என்றார். பிறகு ஒரு சீட்டில் நாலு வரி எழுதிச் செல்லையாவிடம் கொடுத்தார்: 'கை ஒட்டாதது அவமரியாதை இல்லை, சர்க்கரையால் மூட்டு இறுகியதன் அடையாளம். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தச் சங்கம். உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். மங்கையர்க்கரசிக்கு முதல் டோக்கன்.'

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எழுத முடியுமா? குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் படித்தது குழந்தைகள் இல்லை, நிர்வாகக் குழு. மூன்று நாள் உட்கார்ந்து படித்தார்கள். வியாழக்கிழமை மங்கையர்க்கரசியின் மனுவுக்குப் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

'அன்புடையீர், கை ஒட்டாமையே சர்க்கரைக்கு அடையாளம் என்று டாக்டர் அம்மா தெளிவுபடுத்தியிருப்பதால், தாங்களும் எங்களைப் போலவே முழுத் தகுதியோடு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறீர்கள். கை நன்றாக ஒட்டிய குற்றத்துக்காகத் திரு. செல்லையா நீக்கப்பட்டார். முதல் டோக்கனை இத்துடன் இணைத்துள்ளோம். ஞாயிறன்று தாராளமாக டாக்டரைப் பாருங்கள், மருந்தும் பயிற்சியும் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் குணமாகிவிட வேண்டாம். கை ஒட்டிவிட்டால் உறுப்பினர் தகுதி போய்விடும், டோக்கனையும் திருப்பித் தர வேண்டியிருக்கும். இப்படிக்கு, எலுமிச்சம்பழ அளவு இடைவெளியுடன் கூடிய வணக்கங்களோடு, தணிகாசலம், தலைவர்.'