அமுதவல்லியின் பழைய கையெழுத்து

டாக்டர் எழுதித் தந்த சீட்டை ஒரே மூச்சில் படித்தவர் உங்களில் யாராவது உண்டா? இல்லையென்றால் இந்த வழக்குக்கு நீங்கள்தான் பொருத்தமான நீதிபதி.

அமுதவல்லி தஞ்சாவூரில் குழந்தை மருத்துவ மேற்படிப்பு படிக்கிற டாக்டர். வாசம் ஆஸ்பத்திரி விடுதியில். கணவன் கருணாகரன் பாபநாசத்தில் ஓவிய ஆசிரியர். மூன்று வயது மகள் இனியா அவனோடு இருக்கிறாள். வாரம் ஒரு நாள் அம்மா வந்தால் பிள்ளை அரை மணி நேரம் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். பெற்றவளுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். மூவரும் ஒரே வீட்டில் படுத்து எழ வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஆஸ்பத்திரிக்கு அருகே சின்ன வீடொன்று விலைக்கு வந்தது. பயிற்சி டாக்டர்களுக்கென்றே ஒரு வங்கியில் வீட்டுக் கடன் இருந்தது. படிப்பு முடியும்வரை வட்டி மட்டும் கட்டினால் போதும்; ஆனால் டாக்டரே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒப்புதல் கடிதம் வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு என்று வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார்.

வெள்ளி மதியம் கணவனோடு வங்கிக்குப் போய், கடன் மனுவில் அமுதவல்லி கையெழுத்திட்டாள். ஒரு கிறுக்கல்; பழக்க தோஷத்தில், அதன் கீழே தேதியும் மணியும்.

கடன் அதிகாரி ஸ்டெல்லா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், இது கையெழுத்தா, ஈசிஜியா?"

கணக்கு தொடங்கிய நாளில் அவள் இட்டது முழுப்பெயர். முத்து முத்தான எழுத்து, கடைசியில் நீண்ட வால். இன்றையது அதோடு பொருந்தினால்தான் கடன். "தினம் நூறு கேஸ் ஷீட் மேடம். கை மாறிப்போச்சு," என்றாள். ஏழு தரம் முயன்றாள். வால் மட்டும் வந்தது. புது மாதிரிக் கையெழுத்தைப் பதியலாம். ஆனால் அது மேலிடம் போய்த் திரும்ப மறுநாள் மதியம் ஆகும்.

கருணாகரன் ஒரு துண்டுத்தாளை நகர்த்தினான். அதில் அச்சு அசலாக அந்தப் பழைய கையெழுத்து. கல்யாணத்துக்கு முன் அவள் எழுதிய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவன் அவன். "அமுதா, இது உன்னோடதுதானே. இன்னிக்கு ஒரு நாள் நான் போட்டுடறேன். பாப்பாவுக்காக," என்றான்.

ஸ்டெல்லாவின் காதிலும் அது விழுந்தது. "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்து போனார்.

அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாங்க," என்று துண்டுத்தாளைக் கிழித்தாள். புது மாதிரிக்கு மனு எழுதி, தன் கிறுக்கலையே இட்டாள்.

அவளால் போட முடியாத அவள் கையெழுத்தை அவன் போட முன்வந்தான், ஒருவர் கண்டும் காணாமல் போனார், அவள் மறுத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: அமுதவல்லி செய்தது. கையெழுத்து என்ற சொல்லில் கைதானே முன்னால் நிற்கிறது? எழுத்து மாறலாம், கை மாறக் கூடாது. கருணாகரன் செய்யத் துணிந்தது தப்பு. ஆனாலும் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மாட்டினால் அவனும் சேர்ந்துதான் மாட்டியிருப்பான். என் கோபமெல்லாம் தண்ணீர் குடிக்கப் போன ஸ்டெல்லாமேல்தான். நாளைக்கு வினை வந்தால் "நான் அங்கே இல்லையே" என்று அவர் கை கழுவியிருப்பார். வீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலையே கைவிட்டுப் போயிற்று. நாலு மாதம் கழித்து, அதைவிடச் சின்னதாக, ஒரே அறையுள்ள வீடு கிடைத்தது. தனியாகப் படுக்க வேறு இடம் இல்லாததால் இனியா நடுவில் படுக்கிறாள், அம்மா பக்கம் திரும்பி.