ரெண்டு நிறத்துச் சும்மாடு

ஏ புள்ளைங்களா, ஒரு முழத் துணி ஒரு ஊரையே ரெண்டாக் கிழிக்குமா, சொல்லுங்க பாப்போம்? கிழிக்காதா? அப்போ கேளுங்க.

ஒரு ஏரிக்குக் கீழே ஒரு ஊரு இருந்துச்சாம். கோடை வந்தா ஊரே சேந்து ஏரியைத் தூர் வாருமாம். அந்த ஊருல அங்காயின்னு ஒரு பொண்ணு, ராக்கன்னு ஒரு பையன். அவன் மண்ணை வெட்டிக் கூடையில போடுவான், அவ சுமப்பா. அவ கூடையை மட்டும் அரைக்கூடையாத்தான் நிரப்புவான். "ஏன்யா, எனக்கென்ன கழுத்து இல்லையா? நிறையப் போடு"ன்னு அவ அதட்டுவா. அதட்டி அதட்டியே ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு. அப்புறம் ரெண்டு வீட்டுலயும் வெத்தலை பாக்கும் மாத்திக்கிட்டாங்க.

அந்த ஊரு மணியக்காரன் தாண்டவராயனுக்கு ஏரித்தண்ணி மேலேயே கண்ணு. திருட்டுத்தனமா மடையைத் திறந்து தன் கரும்புக்குப் பாய்ச்சணும். ஆனா ஊரே ஒத்துமையா மடையைக் காவல் காக்குதே! என்ன பண்ணுனான், கூடை தலையை அழுத்தாம சும்மாடு கட்டிக்கங்கன்னு வீட்டுக்கு ஒரு துணி குடுத்தான். கைக்கு வந்தது சிவப்புன்னா சிவப்பு, பச்சைன்னா பச்சை. அங்காயி வீட்டுக்குச் சிவப்பு, ராக்கன் வீட்டுக்குப் பச்சை.

அப்புறம் சிவப்புக்காரங்ககிட்டப் போயி, "பச்சைக்காரனுங்க மேல ஒரு நாத்தம் அடிக்குதுப்பா, கண்ணை மூடிக்கிட்டே நான் சொல்லிருவேன்"னான். அப்புறம் பச்சைக்காரங்ககிட்டப் போயி, சிவப்பைப் பத்தி அதையே சொன்னான். எனக்கு எப்பச் சொன்னாலும் பத்திக்கிட்டு வருது. அவன் கிடக்கான், கேட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு மூக்கு இல்லையா?

அப்புறம் சிவப்பு பச்சைகிட்ட அடுப்புக்கு நெருப்பு வாங்கல. அப்புறம் மோர் வாங்கல. அப்புறம் மூஞ்சியையே பாக்கல. காவலுக்குப் போனா சிவப்பு பச்சையைக் காவல் காத்துச்சு, பச்சை சிவப்பைக் காவல் காத்துச்சு, மடையைப் பாக்க ஒரு ஆளில்ல. ஏரி வத்திப்போச்சு. நெல்லு கருகிப்போச்சு. "பச்சைதான் திருடுறான்"னு இவங்க, "சிவப்புதான்"னு அவங்க.

அங்காயியோட அப்பா பெரியண்ணன் ராக்கன் வீட்டு வாசல்லயே நின்னு, "நாறுற வீட்டுக்குப் பொண்ணைக் குடுக்கறதுக்குப் பதிலா பாழுங்கிணத்துல தள்ளிருவேன்"னு கத்திட்டு வந்துட்டாரு.

அங்காயிக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அவ அழல. ஊரு கூடுன அன்னிக்கு மணியக்காரன் முன்னாடி போயி நின்னா.

"கண்ணை மூடிக்கிட்டே சிவப்பா பச்சையான்னு சொல்லிருவீங்களாமே, இப்பச் சொல்லுங்க."

ஊரே பாக்குது, மாட்டேன்னு சொல்ல முடியுமா? கண்ணைக் கட்டிவிட்டா. முதல்ல ராக்கனை நிறுத்துனா. மோந்து பாத்துட்டு, "ம், சிவப்பு"ன்னான். அடுத்து அவ அப்பாவையே நிறுத்துனா. "த்தூ, பச்சை! என்னா நாத்தம்!" மூணாவதா, யாரும் கூப்பிடாம அவன் பொண்டாட்டி சிங்காரத்தம்மா விறுவிறுன்னு வந்து நின்னா. "ஐயையோ, குமட்டுது! சுத்தப் பச்சை!"

"அடப்பாவி மனுசா!"ன்னு அவன் கண்ணுல கட்டுன துணியை உருவி எறிஞ்சா சிங்காரத்தம்மா. "தினம் மடையைத் திறந்துட்டு சேத்துக் காலோட வந்து படுப்பியே, உன் சேத்தைக் கழுவுற கை இது! நான் உனக்கு நாறுறேனா?"

ஊரே கரும்புக் கொல்லைக்கு ஓடுச்சு. அங்க முழங்கால் தண்ணி! சிவப்பு வீட்டுக்காரங்களும் மாட்டை அவுத்துக் கரும்புக்குள்ள விட்டாங்க, பச்சை வீட்டு மாடும் அவுந்துச்சு, ஒரு கரும்பு மிஞ்சல. அன்னையிலிருந்து தாண்டவராயன்தான் ஒத்தையாளா ஏரியைத் தூர் வாருறான், தலையில சும்மாடு இல்லாம. யாரோ சொன்னதுக்காகப் பக்கத்து வீட்டானைப் பகைச்சா இப்படித்தான் வயலு காயும்.

பெரியண்ணன் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. "நடந்தது நடந்துபோச்சு தாயி. நாளைக்கே பந்தல் போட்டுருவோம்."

அங்காயி சிரிக்கல.

"அப்பா, முதல்ல ராக்கன் வீட்டு வாசலுக்குப் போங்க. அன்னிக்குக் கத்துன மாதிரியே நாலு பேருக்குக் கேக்கச் சத்தமா, அவங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."