பச்சைக்கு அப்பன் யார்?

“என் கொடியின் நிறத்துக்கு அப்பன் ஆத்தாள் உண்டா? என்ன திமிர் உனக்கு!” ராஜா சிம்மாசனத்தை விட்டுக் குதித்தே விட்டார்.

மாட்டிக்கொண்டது அமைச்சர் வேதியப்பன். முன்பு குன்றைநாட்டை ஆண்ட அந்த ராஜாவுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அன்றைய புத்தி பச்சை. கொடி பச்சையாம், அதனால் அரண்மனைச் சுவர் முழுக்கப் பச்சை அடிக்கணுமாம். “ஆஹா! பச்சை சுயம்பு, பிரபு! எதற்கும் பிறக்காத நிறம்!” என்று ஜால்ரா தட்டினார் காளத்தி. வேதியப்பன் பெண்டாட்டிக்கு அண்ணன்தான், ஆனால் அமைச்சர் பதவிமேல் அவருக்கு ஒரு கண்.

வேதியப்பன் சிரித்துத் தொலைத்தார். “பச்சைக்கு அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு” என்று வேறு சொல்லிவிட்டார்.

“இப்பவே நிரூபிக்கட்டும்! முடியலைன்னா பதவியை விட்டு ஓடட்டும்” என்றார் காளத்தி. “தூரிகையைத் தொடக்கூடாது. பச்சைச் சாயமும் உள்ளே வரக்கூடாது.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா.

வேதியப்பன் வெளியே பார்த்தார். அம்மன் திருவிழா, மஞ்சள் நீராட்டு. தெருவெல்லாம் மாமன் மச்சான்கள் ஒருத்தரையொருத்தர் நனைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிக் காளத்தியைப் பார்த்தார். தோளில் புது வெளிர்நீலப் பட்டு.

நேரே போய் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் வாங்கி வந்தார்.

“மச்சான், நமக்கு முறை இருக்குல்ல?”

“வேணாம் மாப்பிள்ளை! புதுப் பட்டு!”

சளார்! நீலப் பட்டு கிளிப்பச்சையாகிப் போச்சு.

“பச்சைப் பொய், பிரபு! கண்கட்டு வித்தை!”

“பொய்யில்லை மச்சான். பச்சை மட்டும்தான்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சரி, மஞ்சளுக்கு அப்பன் யார்?”

“கிடையாது பிரபு. சிவப்பு, மஞ்சள், நீலம், இந்த மூன்றுதான் சுயம்பு.” வேதியப்பன் ஈர விரலால் தரையில் வட்டம் போட்டு மூன்று புள்ளி வைத்தார். “பக்கத்துப் பக்கத்து இரண்டும் கூடினால் நடுவில் ஒரு பிள்ளை. மஞ்சளும் நீலமும் பச்சை. சிவப்பும் மஞ்சளும் காவி. நீலமும் சிவப்பும் ஊதா. இதோ, பச்சைக்கு எதிர்வீடு சிவப்பு. கலந்தால் சேறு, பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் பளிச். பச்சைச் சுவரில் உங்கள் கொடி எந்தக் கண்ணுக்குத் தெரியும்? சிவப்பு அடியுங்கள்.”

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். காளத்தியிடம், “திருவிழா முடியும்வரை அந்தச் சுயம்புவைப் போர்த்திக்கொண்டே சபைக்கு வா” என்றார். பிறகு வேதியப்பனிடம், “வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, ‘உன் அண்ணன் பட்டை நாசம் பண்ணியது நான்தான்’ என்று உன் பெண்டாட்டியிடம் நீயே சொல்” என்றார்.

ராஜாவையே எதிர்த்துப் பேசின மனுஷன் வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், படுத்தார். அதை மட்டும் சொல்லவே இல்லை.