கழுத்தில் இல்லாத ஸ்கார்ஃப்

கோபப்படாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியுமா என்று பலமுறை முயன்று பார்த்தேன், முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

மலையடிவாரத்தில் மூன்று நாள் சாரணர் முகாம். கடைசி நாள் காலை தடம் காணும் போட்டி. காட்டுப் பாதையில் போட்டிருக்கும் அம்புக்குறிகளையும் குச்சி அடையாளங்களையும் பார்த்து நடந்து, மேட்டிலுள்ள கொடிக்கம்பத்தை அடைய வேண்டும். அணிகள் இருபது நிமிட இடைவெளியில் புறப்படும். அணியின் ஆறு பேரும் முழுச் சீருடையில் வந்து சேர வேண்டும். ஒரு பொருள் குறைந்தாலும் ஐந்து மதிப்பெண் போய்விடும். வழியில் நற்செயல் ஒன்று செய்தால் ஐந்து கூடும். முதலிடம் பெறும் அணிக்குக் கேடயமும் மாநில முகாமுக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து பட்டியல் எழுதியவன் நான்.

இறுதிச் சுற்றுக்கு மூன்று அணிகள் வந்திருந்தன. முதலில் புறப்பட்டது கோபிகா தலைமையிலான மல்லிகை அணி. அரசுப் பள்ளிச் சாரணியர். அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை ஒருவரும் மாநில முகாமுக்குப் போனதில்லை. அன்று காலை வரை அவர்கள்தான் நான்கு மதிப்பெண் முன்னால் இருந்தார்கள். இரண்டாவது ரித்தீஷின் புலி அணி. மூன்றாவது இம்ரானின் கழுகு அணி.

பாதி வழியில் பாதை ஒடுங்கி ஒரு புங்கமரத்தடியில் போகிறது. அங்கே தாழ்ந்த கிளையில் குடத்தளவு கதண்டுக் குளவிக் கூடு ஒன்று தொங்குவதைக் கோபிகா கண்டாள். கதண்டு கொட்டினால் ஆள் பிழைப்பது கடினம் என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவள் சத்தமில்லாமல் அணியைப் பின்னுக்கு நகர்த்தினாள். தரையில் இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறிபோல வைத்தாள். 'இந்த வழியில் போகாதே' என்பதற்குச் சாரணர் வைக்கும் அடையாளம் அது. சருகு மூடிவிட்டால் பின்னால் வருபவர்களுக்குத் தெரியாமல் போகுமே என்று பயந்து, தன் கழுத்து ஸ்கார்ஃபையும் கழற்றி, பாதையின் இருபுறமும் இருந்த செடிகளுக்குக் குறுக்கே நெஞ்சளவு உயரத்தில் இறுக்கிக் கட்டினாள். பிறகு முட்புதரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அதிலேயே கால்மணி நேரம் போயிற்று.

அவள் கொடிக்கம்பத்துக்கு மூச்சிரைக்க வந்து, "சார், புங்கமரத்துல கதண்டு இருக்கு. பின்னாடி வர்றவங்கள நிறுத்துங்க" என்றாள். நடுவராக நின்ற சாரணர் ஆணையர் வேதமூர்த்தி அவள் கழுத்தைத்தான் பார்த்தார்.

"ஸ்கார்ஃப் எங்கம்மா?"

அவள் சொல்லத் தொடங்கினாள். சீருடைக்கு மரியாதை தெரியாதவர்கள் சாரணியராக இருக்கவே கூடாது என்று அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோதே ரித்தீஷ் தன் அணியோடு வந்து சேர்ந்தான். கையில் அவளுடைய ஸ்கார்ஃப்.

"கீழ கெடந்துச்சு சார். யாரோ தவறவிட்டுட்டாங்கன்னு எடுத்துட்டு வந்தேன்."

ஆணையர் அவன் தோளைத் தட்டினார். நற்செயலுக்கு ஐந்து போடச் சொன்னார், மல்லிகை அணிக்கு ஐந்து வெட்டச் சொன்னார். இரண்டையும் எழுதியது இந்தக் கைதான். ஸ்கார்ஃபை மேசையில் என் முன்னால் வைத்தார்கள். அதன் இரண்டு நுனியும் முறுக்கிக் கசங்கியிருந்தன. ஒரு நுனியில் பச்சை இலை கிழிந்து ஒட்டியிருந்தது. பார்த்தும் நான் பேசாமல் இருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அங்கே புங்கமரத்தடியில் இம்ரானின் அணி வந்தபோது குச்சியும் இல்லை, துணியும் இல்லை. புலி அணி கடந்துபோனதில் குச்சிகள் சிதறியிருந்தன, கூடும் கலைந்திருந்தது. முன்னால் நடந்த லோகேஷின் முகத்திலும் கழுத்திலும் கதண்டு கொட்டியது. இம்ரான் தன் சட்டையைக் கழற்றி அவன் தலையை மூடினான். தனக்கும் இரண்டு கொட்டு விழுந்ததைப் பொருட்படுத்தாமல் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு, வந்த வழியே முகாமுக்கு ஓடினான். கழுகு அணி கொடிக்கம்பத்துக்கு வரவே இல்லை. லோகேஷ் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து பிழைத்தான்.

மாலையில் சிலர் ஆணையரிடம் முறையிட்டார்கள். உயிரைக் காப்பாற்றிய இம்ரானுக்கே கேடயம் என்றது ஒரு கட்சி. விதிப்படி வந்து சேர்ந்தவன் ரித்தீஷ், அவனுக்கே என்றது இன்னொரு கட்சி. கோபிகாவுக்காக அவளுடைய ஆசிரியை மட்டும் பேசினார். கடைசியில் கோபிகாவே எழுந்தாள்.

"எனக்குக் கேடயம் வேணாம் சார். நான் கட்டுனத அவுத்தது யாருன்னு மட்டும் கேளுங்க."

ஆணையர் கேட்கவில்லை. விதி விதிதான் என்று சொல்லி ரித்தீஷின் கையில் கேடயத்தைக் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். போட்டி விதிப்படி வென்ற ரித்தீஷ், போட்டியை விட்டு நண்பனைச் சுமந்த இம்ரான், ஸ்கார்ஃபைக் கழற்றிய கோபிகா: இந்த மூவரில் கேடயம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ரித்தீஷுக்கு இல்லை. தவறி விழுந்த துணியின் இரண்டு நுனியும் முறுக்கேறிக் கசங்காது, இலையைக் கிழித்துக்கொண்டும் வராது. கட்டியிருந்ததை அவிழ்த்தவன் அவன், அவிழ்த்துவிட்டுப் பொய்யும் சொன்னான். இம்ரானைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கண்ணெதிரே நண்பன் துடிக்கும்போது எவனும் மதிப்பெண்ணை நினைக்கமாட்டான். கோபிகா கழற்றியபோது யாரும் துடிக்கவில்லை, நடுவர் யாரும் பார்க்கவில்லை. பின்னால் வரும் முகம் தெரியாத அணிக்காக, ஐந்து மதிப்பெண் போகும் என்று தெரிந்தே கழற்றினாள். கேடயம் அவளுடையது. கிடைத்தது என்ன தெரியுமா? 'இனி எக்காரணம் கொண்டும் சீருடையின் எந்தப் பகுதியையும் கழற்றமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை அவளிடம் நீட்டினார்கள். அவள் மறுக்காமல் எழுதினாள். அதன் கீழே, 'கதண்டைப் பார்த்தால் கழற்றுவேன்' என்று எழுதி, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள்.