வடிகஞ்சி நூடுல்ஸ்

ஃபோன காதுக்கிட்ட வெச்சுக்கிட்டியா, அமுதினி? போர்வைய இழுத்துக்கோ. மஸ்கட்லேருந்து அம்மா கதை சொல்றேன், நீ நடுநடுவுல "ம்" சொல்லணும். இங்கேருந்து உன் மூஞ்சி தெரியாது. "ம்" வந்தாதான் நீ முழிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு முருங்கமரம். அந்த மரத்துல ஒரு அப்பா அணில், ஒரு குட்டி அணில். அம்மா அணில் எங்கன்னா, கடலுக்கு அந்தாண்ட ஒரு பெரிய வீட்டுக்கு சமையல் வேலைக்குப் போயிருந்துச்சு. அது போன நாள்லேருந்து குட்டி சரியாவே சாப்பிடல. அம்மா போடற நூடுல்ஸ் சூப்புதான் வேணும்னு ஒரே பிடிவாதம்.

"அது நான் இல்ல."

உன்னைய யாரு சொன்னா? இது அணிலு.

அப்புறம், மீச வெச்ச அந்த அப்பா அணில் அடுப்பப் பத்த வெச்சுச்சு. மொத நாளு சட்டி நெறைய தண்ணி. சளபுள சளபுளன்னு கொதிச்சுது, நூடுல்ஸத் தேடித்தான் புடிக்கணும். குட்டி ஒரு வாய் குடிச்சிட்டு, "அம்மாது இல்ல"ன்னுச்சு. ரெண்டாம் நாளு, ருசி பத்தலன்னு ரெண்டு மசாலா பாக்கெட்டக் கிழிச்சுக் கொட்டுச்சு. அச்சு, அச்சுன்னு மரமே தும்முச்சு. "அம்மாது இல்ல." மூணாம் நாளு கடைக்குப் போய் பளபளன்னு டப்பாவுல வர்ற சூப்ப வாங்கியாந்துச்சு. அந்த விலைக்கு ஒரு வாரத்துக்குப் பருப்பு வாங்கலாம். ஓட்டக் கை, என்ன பண்றது. குட்டி கிண்ணத்தத் தள்ளிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. கேக்குறியா?

"ம்."

அப்போ அம்மா அணில் ஃபோன் பண்ணுச்சு. "புள்ள சாப்பிட்டாளா?" "எங்க, ஒரு வாய்கூட எறங்கல"ன்னுச்சு அப்பா அணில். பின்னால உஸ்ஸ்ஸ்னு ஒரு விசில் கேட்டுச்சு.

"அது என்ன சத்தம்?"னு கேட்டுச்சு அம்மா அணில்.

"குக்கர்ல சோறு வெச்சிருக்கேன்."

"பானையில வடிக்கறதில்லையா?"

"எனக்கு வடிக்க வராதே. கை சுட்டுக்கும்."

அம்மா அணிலுக்கு அப்பதான் விளங்குச்சு. மரத்து வீட்ல இருந்தப்போ சூப்புக்கு அது தண்ணியே ஊத்தினதில்ல, சோறு வடிச்ச கஞ்சிதான். கொஞ்சூண்டு எண்ணெயில நசுக்கின பூண்டு, பொடிச்ச மிளகு, படபடன்னு கறிவேப்பில. அது மேல சுடு கஞ்சி. கொதி வந்ததும் பாதி நூடுல்ஸ், பாதி மசாலா. மிச்சப் பாதி மறுநாளைக்கு. கஞ்சியே வயித்த நெறச்சிடும்னு சிக்கனத்துக்குப் பண்ணது, குட்டிக்கு அதுதான் அம்மா ருசின்னு நாக்குல ஒட்டிக்கிச்சு.

"அம்மா அணிலுக்கு யாரு சூப் வெச்சுத் தருவா?"

யாரும் இல்ல, கண்ணு. அங்க எல்லாருக்கும் அதுதான சமைக்குது.

"அழுதுச்சா?"

ம். கொஞ்சம். குட்டி பக்கத்துல இல்லையேன்னு ஏக்கமா இருந்துச்சு. அப்புறம் மூக்கச் சிந்திட்டு வேலையப் பார்த்துச்சு.

முருங்கமரத்துல அப்பா அணில், அம்மா அணில் ஃபோன்ல சொல்லிக் குடுத்தபடியே பானைய எறக்கி, மேல தட்ட மூடி, துணிய நல்லா மடிச்சுப் புடிச்சு, மெல்லச் சாய்ச்சுது. சொளசொளன்னு கஞ்சி வடிஞ்சுது. அந்த ஆவி வாசம் வந்ததும் குட்டி எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு. சூப் வந்ததும் சர்ரு சர்ருன்னு உறிஞ்சுச்சு, கிண்ணத்த வழிச்சு நக்குச்சு. அப்புறம் என்ன சொல்லுச்சு தெரியுமா? அமுதினி? "ம்" சொல்லு.

"ம்."

இது உன் "ம்" இல்லையே. கட்டக் குரல் "ம்"மு. ஏங்க, அவ தூங்கிட்டாளா?

"ம். குட்டி என்ன சொல்லுச்சு?"

நாளைக்கு சோறு வடிச்சு சூப் வெச்சுக் குடுத்துட்டு, நீங்களே அவகிட்ட கேளுங்க. துணிய நல்லா மடிச்சுப் புடிங்க, கை பத்திரம். அணில் வீட்ல விளக்க அணைச்சாச்சு, கதையும் படுத்தாச்சு, நீங்களும் தூங்குங்க. ஃபோன மட்டும் வெச்சிடாதீங்க. அவ மூக்குக்கிட்ட வைங்க. அவ மூச்ச கொஞ்ச நேரம் கேட்டுட்டு நானே வெச்சிடறேன்.